நாலு வருஷக் குடித்தனம்

1948-ம் வருஷக் கோடை. அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனின் ஒரே மகள் மார்கரெட். பாடகியாக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பெண். மாடியில் தன் அறையில் பியானோ வைத்திருந்தார். ஒருநாள் அந்தப் பியானோவின் கால் ஒன்று மரத்தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. கீழே இருந்தது குடும்பத்தார் சாப்பிடும் அறை. அந்த அறையின் விதானம் விரிசல் விட்டு, காரை உதிர்ந்தது.

நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை.

பழைய வீடு என்றால் இதெல்லாம் சகஜம்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் இந்த வீட்டின் முகவரி: எண் 1600, பென்சில்வேனியா அவென்யூ, வாஷிங்டன். ஆமாம், வெள்ளை மாளிகைதான்! மூன்று வருஷம் முன்னால் உலகப்போரை முடித்துவைத்த தேசம். அணுகுண்டு அப்போது வேறு யாரிடமும் கிடையாது. அந்த தேசத்து அதிபரின் வீட்டுத் தரையால் ஒரு பியானோவைத் தாங்க முடியவில்லை.

பியானோ திடீரென்று செய்த கலாட்டா இல்லை இது. ட்ரூமன் கொஞ்சகாலமாகவே புகார் சொல்லிக்கொண்டிருந்தார். மாடியில் அவருடைய படிக்கும் அறையில் நடந்தால் தரை ஊஞ்சல் மாதிரி அசைந்தது. கீழே நீல அறையில் விருந்து நடக்கும்போது, மேலே யாராவது நடந்தால் சரவிளக்கு கிலுகிலுவென்று ஆடியது. ட்ரூமனின் குளியல் தொட்டி தரைக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. மனைவி பெஸ் கீழே பெரிய குடும்பத்துச் சீமாட்டிகளுக்குத் தேநீர் விருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மூக்குக்கண்ணாடியைத் தவிர வேறெதுவும் அணியாத கோலத்தில் தான் தொட்டியோடு நடுவில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று அவர் தமாஷ் பண்ணியதாக ஒரு கதை உண்டு. தமாஷுக்குப் பின்னால் இருந்தது நிஜமான பயம்.

இன்ஜினீயர்கள் வந்து தரையைப் பெயர்த்துப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்த மாளிகை எந்தக் கட்டுமான விதிப்படியும் நிற்கவில்லை, ஏதோ பழக்கதோஷத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று அப்போது ஒரு பேச்சு பிரபலம்.

இந்த நிலைமை எப்படி வந்தது? வயசாகிவிட்டது, அதுதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெளிச் சுவர்களுக்கும் அதே வயசுதான். அவை கம்பீரமாகத்தான் நின்றன. கோளாறு உள்ளே. அதற்குக் காரணம், இந்த வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்ததே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் குடித்தனக்காரர்கள். நாலு வருஷம், அதிர்ஷ்டம் இருந்தால் எட்டு வருஷம். குடித்தனக்காரர் என்ன செய்வார்? தனக்கு வேண்டியதைச் செய்துகொள்வார். கண்ணுக்குத் தெரிவதைச் செய்வார். அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கமாட்டார்!

முதலிலிருந்து வருவோம்.

1792 அக்டோபர் 13 அன்று மூலைக்கல் நட்டார்கள். வரைபடம் போட்டவர் ஜேம்ஸ் ஹோபன் என்கிற அயர்லாந்துக்காரர். வெர்ஜீனியாவின் அக்வியா பகுதியிலிருந்து மணற்கல் வந்தது. கல்லை வெட்டி எடுத்ததில் கறுப்பின அடிமைகளின் உழைப்பு கணிசம். செதுக்கியதில் ஸ்காட்லாந்துக் கல்தச்சர்கள் பேர்போனவர்கள். அந்தக் கல்லில் நுண்துளைகள் அதிகம். மழைநீர் உள்ளே போய் உறைந்தால் வெடித்துவிடும். அதனால் 1798-லேயே சுண்ணாம்புப் பூச்சு கொடுத்துவிட்டார்கள். தீப்பிடித்த கறையை மறைக்கத்தான் வெள்ளை அடித்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறதே, அது கட்டுக்கதை. வெள்ளை முதலில் வந்தது. தீ அப்புறம்தான்.

1800 நவம்பரில் ஜான் ஆடம்ஸ் முதல் குடித்தனக்காரராக வந்தபோது வீடு பாதிதான் முடிந்திருந்தது. இன்று அதிபர்கள் விழா நடத்தும் கிழக்கு அறையில் அவர் மனைவி அபிகெயில் கொடி கட்டித் துணி உலர்த்தினார்.

1814 ஆகஸ்ட் 24. பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து மாளிகையைக் கொளுத்தியது. உள்ளே இருந்ததெல்லாம் சாம்பல். கல்சுவர்கள் மட்டும் மிச்சம். அதே ஹோபனைக் கூப்பிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னார்கள். தலைநகரம் எரிந்த அவமானம் இருக்கிறதே! சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டல். உள் சுவர்கள் சிலவற்றில், முன்பு செங்கல் இருந்த இடத்தில் மரச்சட்டம் வைத்துக் காரை பூசி வேலையை முடித்தார் ஹோபன். 1817-ல் ஜேம்ஸ் மன்றோ பால் காய்ச்சாத குறையாகக் குடிபுகுந்தார். பார்வைக்கு எல்லாம் பழையபடியே இருந்தது. அந்த மரச்சட்டங்கள் என்னவாகும் என்ற கேள்வி நூற்று முப்பது வருஷம் சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அப்புறம் வசதிகள் வர ஆரம்பித்தன. 1833-ல் குழாய்த் தண்ணீர். 1848-ல் கேஸ் விளக்கு. அதிபர் போல்க்கின் மனைவி சாரா மட்டும், ஒரு சரவிளக்கில் மெழுகுவத்தியே இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தார். விருந்து ஒன்றில் கேஸ் அணைந்து மாளிகையே இருட்டாக, அந்த ஒரு விளக்குதான் மானத்தைக் காப்பாற்றியதாம். 1891-ல் மின்சாரம். அதிபர் பெஞ்சமின் ஹாரிசனும் மனைவியும் ஷாக் அடித்துவிடும் என்று சுவிட்சைத் தொடவே பயந்தார்கள். வேலைக்காரர்கள் வந்துதான் போட்டு அணைக்க வேண்டும்.

கேட்கத் தமாஷாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வசதிக்கும் உத்தரத்தில் ஒரு வெட்டு விழுந்தது. குழாய் போட வருகிறவர் தன் குழாய் போக இடம் வேண்டும் என்று உத்தரத்தைக் கொத்துவார். கேஸ்காரர் இன்னொரு பக்கம் கொத்துவார். வயர்காரர் துளை போடுவார். சூடேற்றும் குழாய்க்கு இன்னொருவர். வேலை முடிந்ததும் மேலே பலகை மூடிவிடும். முந்தைய ஆள் எங்கே வெட்டினார் என்று அடுத்த ஆளுக்குத் தெரியாது. 1948-ல் பெயர்த்துப் பார்த்தபோது, கனமான மர உத்தரங்கள் பல கால்வாசி தடிமனில் தொங்கிக்கொண்டிருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் பெரிய தப்பு செய்யவில்லை. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்ற கணக்கு தெரிந்திருக்கும். ஒரு மெஷினோ கட்டடமோ வருஷாவருஷம் எவ்வளவு தேய்கிறது என்று எழுதி வைத்தே ஆகவேண்டும். எழுதாவிட்டால் லாபம் ஜோராகத் தெரியும், ஒருநாள் மெஷின் நின்றுபோகும். வெள்ளை மாளிகையில் அலங்காரத்துக்குக் காசு ஒதுக்கினார்கள், தேய்மானத்தை எழுத ஆளில்லை.

அலங்காரம் என்றதும் செஸ்டர் ஆர்தரைச் சொல்லியாக வேண்டும். 1881-ல், கார்ஃபீல்ட் சுடப்பட்டு இறந்ததால் அதிபரானவர். உடை, சாப்பாடு எல்லாவற்றிலும் படாடோபமான ஆசாமி. இந்தப் பழைய வீட்டில் இப்படியே குடியேற முடியாது என்று சொல்லிவிட்டு, முதலில் வீட்டைக் காலி பண்ணினார். 24 வண்டி நிறைய சாமான் ஏலத்துக்குப் போயிற்று. பழைய அதிபர்கள் உட்கார்ந்த நாற்காலிகள், திரைச்சீலைகள், இன்றைக்கு இருந்தால் மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைக்கவேண்டிய பொருட்கள்! நியூயார்க்கிலிருந்து லூயி டிஃபனியை வரவழைத்து, நுழைவு மண்டபத்தில் வண்ணக் கண்ணாடித் தட்டி ஒன்று போட்டார். ஊரே வாய் பிளந்தது. இருபது வருஷம் கழித்து வந்த தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. கழற்றி, அதையும் ஏலத்தில் விட்டார்கள்.

இந்த ரூஸ்வெல்ட்தான் கட்டடத்துக்கு முதல் பெரிய அடியைக் கொடுத்தவர். ஆறு குழந்தைகள். மாடியில் பாதி இடம் ஆபீஸ், மீதியில் குடும்பம். சமாளிக்க முடியவில்லை. 1902-ல் மெக்கிம் என்கிற பேர்பெற்ற கட்டடக்கலைஞரைப் பிடித்தார். அவர் ஆபீஸைத் தனியாகப் பிரித்துப் பக்கத்தில் ஒரு கட்டடம் கட்டி அனுப்பினார். அதுதான் பிற்பாடு உலகப்புகழ் பெற்ற மேற்கு வளாகம். இதுவரை சரி. விருந்து அறை சின்னது, நூறு பேருக்கு மேல் உட்கார வேண்டும் என்று ரூஸ்வெல்ட் சொல்ல, பக்கத்தில் இருந்த மாடிப்படியை எடுத்துவிட்டு, நடுவில் இருந்த சுவரையும் எடுத்தார் மெக்கிம்.

சும்மா தடுப்புச் சுவராக இருந்தால் பரவாயில்லை. அது மேல்மாடியின் கனத்தைத் தாங்கிக்கொண்டிருந்த சுவர். நம்மூர் மேஸ்திரியிடம் ஹாலைப் பெரிசு பண்ணணும் என்று சொன்னால்கூட, ஒருதரம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார். மெக்கிமுக்குத் தெரியாமல் இல்லை. இரும்பு உத்தரம் கொடுத்துத்தான் எடுத்தார். ஆனால் கனம் எங்கேயும் போய்விடாதே? பக்கத்துச் சுவர்கள் வாங்கிக்கொண்டன. அவற்றுக்கு ஏற்கெனவே அஸ்திவாரம் ஆழமில்லை. அடியில் களிமண். கோடையில் தொடங்கிய வேலை அந்த வருஷ முடிவுக்குள் பூர்த்தி. விருந்து அறையில் ரூஸ்வெல்ட் மான் தலைகளை மாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த அடி 1927-ல். கால்வின் கூலிட்ஜ் காலம். கூரை மோசமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு, பரணாக இருந்த இடத்தை முழுசாக ஒரு மூன்றாம் மாடியாக்கினார்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இரும்பும் கான்க்ரீட்டும் போட்டார்கள். அப்போது நவீன முறை அதுதான். விளைவு? 1817-ல் அவசரமாகக் கட்டிய உள் சுவர்கள், 1902-ல் பங்காளியைப் பறிகொடுத்த சுவர்கள், தலையில் இப்போது கான்க்ரீட் மூட்டை. இருபது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன.

ட்ரூமனும் ஆரம்பத்தில் இதே ரகக் குடித்தனக்காரர்தான் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. தெற்குப் பக்கத் தூண்களுக்கு நடுவே, மாடியில் ஒரு பால்கனி வேண்டும் என்று ஆசைப்பட்டார். கலை விஷயங்களில் அரசுக்கு யோசனை சொல்லும் கமிஷன் கூடாது என்றது. தூண்களின் அழகு கெட்டுவிடுமாம். தவிர, அது தேர்தல் வருஷம். ட்ரூமன் தோற்றுவிடுவார் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. ஜனவரியில் காலி பண்ணப் போகிறவருக்கு எதற்குப் பால்கனி என்று பத்திரிகைகள் நக்கலடித்தன. மனிதர் அசரவில்லை. வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து ஏறக்குறைய 16,000 டாலர் எடுத்து 1948-ல் கட்டி முடித்துவிட்டார். இருபது டாலர் நோட்டின் பின்பக்கத்தில் வெள்ளை மாளிகையின் தெற்குமுகம் இருக்கும். பால்கனி வந்ததால் நோட்டில் இருந்த படத்தையும் அந்த வருஷமே மாற்ற வேண்டியதாயிற்று! அப்படிப் பால்கனி கட்டி முடித்த சில மாதங்களில்தான் பியானோவின் கால் இறங்கியது.

தேர்தல் முடியும்வரை விஷயத்தைப் பெரிதாக வெளியில் விடவில்லை. அதிபரின் வீடே இடிந்து விழுகிறது என்றால் எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? நவம்பரில் எல்லாக் கணிப்பையும் பொய்யாக்கி ட்ரூமன் ஜெயித்தார். ‘ட்ரூமன் தோல்வி’ என்று தலைப்புப் போட்டு அவசரப்பட்ட சிகாகோ பேப்பரைக் கையில் தூக்கிக் காட்டிச் சிரித்தபடி அவர் நிற்கும் போட்டோ பிரசித்தம். சிரித்துக்கொண்டே வாஷிங்டன் திரும்பினால், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தேர்தலில் ஜெயித்த கையோடு வீட்டைக் காலி செய்த ஒரே அதிபர் அவராகத்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் இருந்த பிளேர் ஹவுஸ் என்கிற அரசு விருந்தினர் இல்லத்துக்குப் பெஸ், மார்கரெட், மாமியார் சகிதம் ஜாகை மாற்றினார்.

இப்போது பெரிய கேள்வி. இந்த வீட்டை என்ன செய்வது?

முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று ஒரு கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய சுவரைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே வேலை செய்வது என்பது, கண்ணாடிப் பாத்திரத்தின் வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே மேடை கட்டுகிற மாதிரி. நேரமும் அதிகம், தொல்லையும் அதிகம். வரைபடத்தைப் பார்த்து அச்சு அசலாக அதே மாதிரி கட்டிவிட்டால் யாருக்கு வித்தியாசம் தெரியப் போகிறது?

இன்னொரு கட்சி, தேசம் பிறந்த காலத்துச் சுவர்கள் அவை, தீயிலேயே விழாததை நாம் இடிப்பதா என்றது. ட்ரூமன் இந்தப் பக்கம். 1949-ல் காங்கிரஸ் ஆறு பேர் கமிஷன் ஒன்றை அமைத்து, 54 லட்சம் டாலர் ஒதுக்கியது. கமிஷன் கடைசியில் எடுத்த முடிவு: நாலு வெளிச் சுவரும் நிற்கட்டும். 1927-ல் போட்ட மூன்றாம் மாடியும் கூரையும் இருக்கட்டும். நடுவில் உள்ள அத்தனையும் காலி!

ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜான் மெக்‌ஷேன் கான்ட்ராக்டை எடுத்தார். பென்டகன் கட்டடத்தைக் கட்டியவர்களில் ஒருவர். இந்த வேலைக்கு அவர் கேட்ட கூலி ஒரு லட்சம் டாலர்தான். லாபத்துக்காக இல்லை, பேருக்காக எடுத்தார் என்றார்கள். 1949 டிசம்பரில் இடிப்பு ஆரம்பம்.

தேசியப் பூங்காத் துறையின் போட்டோகிராஃபர் ஏபி ரோ எடுத்த படங்கள் இருக்கின்றன. பார்த்தால் நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிடும். வெளியே வெள்ளை வெளேரென்று மாளிகை. உள்ளே எதுவுமே இல்லை. அறை இல்லை, தரை இல்லை, படி இல்லை. இரும்புக் கம்புகள் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்க, கீழே மண்தரையில் ஒரு புல்டோசர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த புல்டோசர் எப்படி உள்ளே போயிற்று என்பதும் சுவாரஸ்யம்தான். பெரிய வண்டி போக சுவரில் வழி உடைக்கிறோமே என்று கேட்டிருக்கிறார்கள். சுவரில் கை வைக்கக் கூடாது என்று ட்ரூமன் கறாராகச் சொல்லிவிட்டார். கடைசியில் வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றி, வாசல் வழியாக எடுத்துப் போய், உள்ளே வைத்து மாட்டினார்கள்.

சுவர்களுக்கு அடியிலும் வேலை நடந்தது. ஒரே சமயத்தில் தோண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழி தோண்டி, கெட்டியான சரளை மண் வரும்வரை இருபது அடிக்கு மேல் இறங்கி, கான்க்ரீட் நிரப்பி, அது இறுகிய பிறகு அடுத்த குழி. இப்படி நூற்றுக்கும் அதிகமான குழிகள். அப்புறம் உள்ளே சுமார் 660 டன் இரும்பில் ஒரு கூடு. கனம் முழுவதையும் அந்தக் கூடு வாங்கிக்கொண்டது. பழைய சுவர்கள் தன்னை மட்டும் தாங்கினால் போதும். கீழே இரண்டு அடுக்கு பாதாளத் தளங்கள் வேறு. ரஷ்யா 1949 ஆகஸ்டில் அணுகுண்டு வெடித்துவிட்டதால், குண்டு தாங்கும் அறையும் திட்டத்தில் சேர்ந்தது.

இந்த ரிப்பேர் ஓர் உயிரையும் வாங்கியது. வெள்ளை மாளிகையைச் சுற்றிப் புல்வெளி, வேலி, காவல் எல்லாம் உண்டு. பிளேர் ஹவுஸ் அப்படி இல்லை. தெருவை ஒட்டி நிற்கிற வீடு. நடைபாதையிலிருந்து சில படி ஏறினால் வாசல். 1950 நவம்பர் 1 மதியம், போர்ட்டோ ரீகோ விடுதலை கேட்ட இரண்டு பேர், கொலாஸோ, டொரெஸோலா, துப்பாக்கியோடு வந்தார்கள். மாடியில் ட்ரூமன் மதியத் தூக்கத்தில். காவலர் லெஸ்லி காஃபெல்ட் மேல் குண்டு பாய்ந்தது. சாகிற நிலையிலும் அவர் திருப்பிச் சுட்டதில் டொரெஸோலா அங்கேயே விழுந்தான். காஃபெல்ட் அன்றே இறந்துபோனார். ஜன்னலில் எட்டிப் பார்த்த அதிபரை, உள்ளே போங்கள் என்று கீழே இருந்து கத்தினார்கள். அன்று பிற்பகல் ஆர்லிங்டனில் ஒரு சிலை திறப்பு இருந்தது. ட்ரூமன் ஒத்திப்போடாமல் போய்விட்டு வந்தார். ஆனால் அதற்குப் பிறகு வீட்டிலிருந்து ஆபீஸுக்குத் தெருவைக் கடந்து நடந்துபோகிற சந்தோஷம் போயிற்று. எதிர்த்த வீட்டுக்குக்கூடக் காரில்தான்.

சரி, உள்ளே இருந்து எடுத்ததையெல்லாம் என்ன செய்தார்கள்? இதில்தான் எனக்கு ட்ரூமன் காலத்து ஆட்கள் மேல் வருத்தம். கொஞ்சம் பத்திரப்படுத்தினார்கள். 1817 காலத்துப் பைன் உத்தரங்களை அறுத்து, தரைத்தள அறைகள் சிலவற்றுக்குச் சுவர்ப்பலகை ஆக்கினார்கள். செங்கற்கள் ஒரு பகுதி, ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் வீட்டுச் சீரமைப்புக்குப் போயின. ஸ்காட்லாந்துத் தச்சர்கள் தங்கள் அடையாளம் பொறித்துவைத்திருந்த கற்களை, தானும் ஃப்ரீமேசன் சங்கத்துக்காரர் என்ற பாசத்தில் ட்ரூமன் மாநிலவாரியாக அந்தச் சங்கங்களுக்கு அனுப்பிவைத்தார். பொதுமக்களுக்கு ஞாபகார்த்தப் பொட்டலங்கள் விற்றார்கள். விலை 25 சென்ட்டிலிருந்து 100 டாலர் வரை. ஒரு செங்கல் வாங்கலாம். புத்தகம் சாயாமல் இருபுறமும் வைக்க இரண்டு செங்கல் வாங்கலாம். பணக்காரராக இருந்தால் வீட்டில் கணப்பு அடுப்பு கட்டும் அளவுக்குக் கல் வாங்கலாம்!

மீதி? லாரி லாரியாக வெர்ஜீனியாவில் ராணுவ முகாம் பக்கம் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டி மூடினார்கள். கையால் செய்த பூவேலைக் காரை, கதவு நிலை, பலகை எல்லாம் அதில் அடக்கம். திரும்ப மாட்டுவதற்காகவே கழற்றி நம்பர் போட்டவற்றிலும் பல திரும்பவில்லை. கழற்றி மாட்டுவதைவிடப் புதிதாக வார்த்துவிடுவது சுலபமாக இருந்தது. விருந்து அறையின் 1902-ம் வருஷத்து ஓக் பலகைகள் கழற்றியதில் சேதமாகிவிட, தழும்பு தெரியாமல் பச்சை பெயின்ட் அடித்து மாட்டினார்கள்.

ஏன் இந்த அவசரம்? 1950-ல் கொரியப் போர் வந்து சாமான் விலை ஏறிவிட்டது. பட்ஜெட் கரைந்தது. ட்ரூமனின் பதவிக்காலமும்தான். தன் காலத்திலேயே முடியவேண்டும் என்று அவர் நெருக்கினார். அறைகலன்கள் வாங்கப் பணம் சொற்பம். நியூயார்க்கின் பி. ஆல்ட்மன் என்ற பெரிய கடை, லாபம் இல்லாமல் அடக்கவிலைக்குப் போட்டுத்தருகிறேன் என்றது. அப்படியே ஒட்டுமொத்தமாக ஒரே கடைச் சரக்கு. மொத்தச் செலவு 57 லட்சம் டாலரைத் தாண்டியது.

1952 மார்ச் 27 அன்று ட்ரூமன் குடிபுகுந்தார். தங்கச் சாவி கொடுத்தார்கள். நாடு முழுக்க டெலிவிஷனில் பார்க்க, மே மாதம் அறை அறையாகச் சுற்றிக் காட்டினார். கிழக்கு அறையில் பியானோவும் வாசித்தார். இந்தமுறை தரை தாங்கிற்று!

ஆனால் மார்ச் 29, அதாவது குடிபுகுந்த மூன்றாம் நாளே, இனி தேர்தலில் நிற்கமாட்டேன் என்று அறிவித்திருந்தார். ஏறக்குறைய ஏழே முக்கால் வருஷம் அதிபர். அதில் மூன்று வருஷத்துக்கு மேல் எதிர்வீட்டு வாசம். அஸ்திவாரம் வரை தோண்டிக் கட்டிய வீட்டில் இருந்தது பத்து மாதம்கூட இல்லை. 1953 ஜனவரியில் சாவியை ஐசன்ஹோவரிடம் கொடுத்துவிட்டு மிசௌரிக்கு ரயில் ஏறினார். அந்த இரும்புக் கூட்டை யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. அவர் பெயரை இன்றைக்கு மக்கள் சேர்த்துச் சொல்வது பால்கனியோடுதான்.

1960 டிசம்பரில் ஜாக்குலின் கென்னடி வீட்டைப் பார்க்க வந்தார். 31 வயசு. பிள்ளை பெற்று இரண்டு வாரம். மாளிகையைப் பார்த்துவிட்டு, மலிவுக்கடையில் சாமான் வாங்கிப் போட்ட ஓட்டல் மாதிரி இருக்கிறதே என்று நொந்துகொண்டார். பேச்சு கொஞ்சம் கொடூரம், ஆனால் பொய் இல்லை. எலும்பு புதுசு. தோல் பழசு. நடுவில் எந்தக் காலத்தையும் சேராத சதை.

ஜாக்குலினும் முதலில் குடித்தனக்காரப் புத்தியோடுதான் ஆரம்பித்தார். அலங்காரத்துக்கு அரசு கொடுத்த 50,000 டாலரும் குடும்பம் இருக்கும் அறைகளிலேயே சில வாரங்களில் தீர்ந்தது. அதன்பிறகு செய்ததுதான் சாமர்த்தியம். அலங்காரம் என்ற வார்த்தையை விட்டுவிட்டு, மீட்பு என்று பேச ஆரம்பித்தார். ஹென்றி டு பான்ட் என்ற கோடீஸ்வரர், பழைய அமெரிக்க மரச்சாமான்களில் கரைகண்டவர். அவரைத் தலைவராக்கி ஒரு கமிட்டி. பழைய பொருட்களை யாராவது வைத்திருந்தால் தானம் கொடுங்கள் என்று வேண்டுகோள். கிடங்குகளில் கிளறினார்கள். விக்டோரியா மகாராணி 1880-ல் பரிசாக அனுப்பிய, கப்பல் மரத்தில் செய்த மேஜை ஒன்று கீழ்த்தளத்தில் முடங்கிக் கிடந்தது. அதுதான் கென்னடியின் ஆபீஸுக்குப் போனது. ‘ரெசொல்யூட்’ மேஜை என்று இன்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

எல்லாமே புத்திசாலித்தனம் என்று சொல்லமாட்டேன். மேரிலாந்தில் இடிக்கப்போகிற வீடு ஒன்றில் 1830-களில் பிரெஞ்சு கம்பெனி அச்சிட்ட இயற்கைக் காட்சிச் சுவர்த்தாள் இருந்தது. அதை ஒருவர் 50 டாலருக்கு வாங்கி உரித்து எடுத்தார். வெள்ளை மாளிகைக்கு 12,500 டாலருக்கு விற்றார்! நன்கொடைப் பணம்தான், இருந்தாலும் விஷயம் பேப்பரில் நாறியது. அதே கம்பெனி அதே காட்சியை அப்போதும் அச்சடித்து விற்றுக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. ஆனால் ஒன்று, அந்தச் சுவர்த்தாள் இன்னமும் அங்கே இருக்கிறது.

1962 பிப்ரவரி 14 அன்று சி.பி.எஸ். ஒளிபரப்பில் ஜாக்குலின் வீட்டைச் சுற்றிக் காட்டியதைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதைவிட முக்கியமானது, 1961 செப்டம்பரில் ஓசைப்படாமல் வந்த ஒரு சட்டம். மாளிகையில் உள்ள சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த பொருட்கள் இனி மாளிகைக்கே சொந்தம். பிடிக்காவிட்டால் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு அனுப்பலாம், விற்க முடியாது. அதாவது, இனி ஒரு செஸ்டர் ஆர்தர் 24 வண்டியில் ஏற்றி ஏலத்துக்கு அனுப்ப முடியாது. நூற்று அறுபது வருஷத்தில் முதல்தடவையாகக் குடித்தனக்காரர் கையைக் கட்டிய சட்டம்!

நாற்காலிக்குத்தான் அந்தப் பாதுகாப்பு, சுவருக்கு இல்லை. பழைய கட்டடங்களைக் காக்க அமெரிக்கா 1966-ல் ஒரு பெரிய சட்டம் போட்டது. அதில் மூன்று கட்டடங்களுக்கு விதிவிலக்கு கொடுத்தது. நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், வெள்ளை மாளிகை. அதன் அர்த்தம் 2025 அக்டோபரில்தான் பலருக்கும் உறைத்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில், 1942-ல், இப்போதைய உருவம் பெற்ற கிழக்கு வளாகத்தை, பெரிய விருந்து மண்டபம் கட்டுவதற்காக டிரம்ப் அரசு சில நாட்களில் இடித்துத் தரைமட்டமாக்கியது. தியோடர் ரூஸ்வெல்ட் விருந்து அறையைப் பெரிசு பண்ணிய அதே பழைய ஆசை, இந்தமுறை நூறு மடங்கு பெரிசாக. நல்லதா கெட்டதா என்று அங்கே இரண்டு பட்டுக் கிடக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: ட்ரூமன் கமிஷனை உட்காரவைத்து மாதக்கணக்கில் வாதம் பண்ணிவிட்டுத்தான் கடப்பாரையை எடுத்தார்.

நடுவில் உள்ள மாளிகையின் நாலு சுவர்கள் அப்படியேதான் நிற்கின்றன. 1970-களின் கடைசியில் தொடங்கிப் பல வருஷம் எடுத்து, அவற்றின் மேலிருந்த முப்பது நாற்பது அடுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தார்கள். கீழே ஸ்காட்லாந்துக்காரர்கள் செதுக்கிய ரோஜாக்களும் இலைகளும் புதுசு மாதிரி வெளிவந்தன. கூடவே, 1814 தீயின் கரிக்கறையும். எல்லாவற்றுக்கும் திரும்ப வெள்ளை அடித்தவர்கள், இரண்டு இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். ஒன்று, வடக்கு வாசலுக்குக் கீழே சமையல்கட்டுப் பக்கம் போகும் வளைவு. இன்னொன்று ட்ரூமன் பால்கனியில். அதிபர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், கைக்கெட்டும் தூரத்தில் கறுப்பாக ஒரு கல்.